காயம் பட்ட இடத்தில் தோன்றும் படை

பள்ளிச் சிறுவன் ஒருவன் விளையாட்டில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக் கொள்கிறான். புண் ஆறிவிடுகிறது. ஆயினும் இரண்டு வாரங்கள் சென்றபின், சிராய்ப்பு இருந்த வடிவிலேயே தடிப்பு ஒன்று எழுகிறது. அதன்மேல் வெள்ளிபோன்ற செதில்கள் படிகின்றன. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோய் உள்ளவர்களிடம் இவ்வாறு நிகழ்வதுண்டு.

இவ்வுண்மையை 1872-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரில் எடுத்துரைத்தவர் ஹைன்ரிக் கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். நோயாளி ஒருவருக்குக் குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திய இடத்திலும் படை தோன்றியதை அவர் கண்டார். அதனால் இது 'கோப்னர் விளைவு' எனப் பெயர் பெற்றது. இந்நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இது காணப்படுகிறது. வெண்புள்ளி நோயிலும் இவ்விளைவு உண்டு.

இதன் காரணம் யாது? மேல்தோலின் அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மேலேறி உதிர்வதற்குச் சாதாரணமாகச் சுமார் நான்கு வாரங்கள் ஆகும். தோல் காயமுறும்போது அவ்வணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டு, இரத்த வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கின்றன. புண் ஆறியதும் இக்கிளர்ச்சி தணிய வேண்டும். பரம்பரை இயல்பாக இந்நோய்க்கு இடங்கொடுக்கும் உடலிலோ அது தணிவதில்லை. அழற்சி நீடிக்கிறது, புதிய அணுக்கள் சில நாட்களிலேயே மேலேறி, முதிராமலே செதில்களாகக் குவிகின்றன.

ஆகவே சொறிதலும், செதில்களைப் பெயர்த்தலும், நாரினாலோ கல்லினாலோ அழுந்தத் தேய்த்தலும் நோயை வளர்க்கும். இறுகிய அரைஞாணும் உராயும் காலணியும் அத்தகையனவே. தோல் வறளாதபடி எண்ணெயோ வாசலினோ தடவி, நகங்களைக் குறுக வெட்டுதல் நலம். பச்சை குத்துதலைத் தவிர்த்தல் வேண்டும்.

களப்பணியாளர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கருத்த மேனியில் இத்தடிப்பு சிவப்பாகத் தோன்றாது, பழுப்பாகவோ ஊதா கலந்தோ தோன்றக்கூடும். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். இப்படையில் உணர்ச்சி குன்றுவதில்லை. ஐயம் எழுமாயின் மருத்துவரிடம் அனுப்புதலே முறை.

படர்தாமரை பூஞ்சையால் வருவது, தொற்றக்கூடியது. காளாஞ்சகப்படை தொற்றுநோயன்று. தொடுவதாலும், அருகிலிருந்து உண்பதாலும் இது பரவாது. 2014-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைக் குறித்து நிறைவேற்றிய தீர்மானமும் இதனை வலியுறுத்துகிறது. எனவே இந்நோயுள்ள மாணவனைத் தனியே அமர்த்துவதற்கு எவ்விதக் காரணமும் இல்லை. அவன் தோலைச் சொறியாமல் காப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவன் மனம் நோகாமல் காப்பதும் அவ்வளவு இன்றியமையாதது.