சித்தூரிலிருந்து கேட்கும் அமெரிக்க வரலாறு

குடிமைப் பணித் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்த திருப்பதி மாணவருக்கு அமெரிக்கப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் பாடத்திட்டத்திலேயே உண்டு. கையேடுகள் அவற்றைக் காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள் என்று சில பக்கங்களில் முடித்துவிடும். அதே பொருளை யேல் பல்கலைக்கழகம் முழுப் பருவ வகுப்புகளாகவே பதிவு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 2008இல் டேவிட் பிளைட் உள்நாட்டுப் போரைப் பற்றி எடுத்த வகுப்புகள் 27. 2010இல் ஜோஆன் ஃப்ரீமன் புரட்சியைப் பற்றி எடுத்தவை 25. பேராசிரியர் எதிரில் இருக்கும் தம் மாணவர்களிடம்தான் பேசுகிறார், கேமரா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் தடுமாற்றம், நகைச்சுவை, பாதியில் திருத்திக்கொண்ட வாக்கியம் எல்லாம் அப்படியே கிடைக்கின்றன. படம் வேண்டாம் என்றால் ஒலியை மட்டும் இறக்கிக்கொள்ளலாம், டேட்டா மிச்சமாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, பேசியது முழுவதும் எழுத்தாகவும் கிடைப்பது. உச்சரிப்பு பிடிபடாத இடத்தில் நிறுத்தி, எழுத்தைப் பார்த்து, மறுபடி ஓடவிடலாம். வகுப்பில் உட்கார்ந்திருந்த யேல் மாணவருக்குக்கூட அன்று இந்த வசதி இல்லை.

இவ்வளவு வசதி இருப்பதாலேயே இதை ஆசிரியர் என்று நம்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பதிவை ஓர் ஆவணமாக, தேதி போட்ட சாட்சியமாக எடுத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்துதான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கல்வெட்டைப் படிப்பவர் யார் வெட்டியது, எந்த ஆண்டு, யாருக்காக என்று கேட்காமல் நகர்வதில்லை. அதே கேள்விகளை இங்கேயும் கேட்கலாம். ஃப்ரீமன் தம் முதல் வகுப்பிலேயே இதற்கு வழி விடுகிறார். புரட்சி நடந்தே தீர வேண்டியதாக இருந்தது என்று நினைக்காதீர்கள், நாட்டை நிறுவியவர்கள் மட்டுமே அதில் பங்கெடுத்தவர்கள் என்றும் நினைக்காதீர்கள் என்பவை அவர் சொல்லும் அறிவுரைகளில் சேர்ந்தவை.

திருப்பதிக்காரருக்கோ சித்தூர்க்காரருக்கோ அமெரிக்க வரலாறு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை ஊருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களுடன் கூட்டுச் சேர்ந்ததும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் உலகெங்கும் பகை மூண்டது. அதன் தொடர்ச்சியாக 1779இல் ஆங்கிலேயர் மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரரின் மாஹேயைப் பிடித்தார்கள். மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. அவருடைய ஆத்திரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் 1780இல் அவர் படை கர்நாடிக் எனப்பட்ட ஆற்காட்டுப் பகுதியில் இறங்கியதற்கு மாஹே முக்கியமான காரணம். அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1782 டிசம்பரில், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஓர் அமெரிக்கக் கப்பல் பிடித்தது. அந்த அமெரிக்கக் கப்பலுக்குப் பென்சில்வேனியாக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘ஹைடர் அலி’. நம்மில் பலருக்குத் தெரியாமல் போன இந்தத் தொடர்பு அன்றைய பிலடெல்பியாக்காரருக்குத் தெரிந்திருந்தது! ஃப்ரீமனின் வகுப்புகளுக்குக் களம் பதின்மூன்று குடியேற்றங்கள். சித்தூர் முனையைச் சேர்த்துக்கொள்வது கேட்பவரின் வேலை.

யேல் என்ற பெயரையும் இப்படி விசாரிக்கலாம். 1639இல் மதராசப்பட்டினக் கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் விஜயநகர அரசுக்கு அடங்கியவர். அந்த அரசின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று, திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் இருக்கும் சந்திரகிரி. அந்தக் கரையில் எழுந்த ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து 1718இல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். சரக்கு சுமார் 562 பவுனுக்கு விலைபோயிற்று, கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர் காலத்துக் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். யேல் பல்கலைக்கழகம் தனக்கும் அடிமைமுறைக்கும் இருந்த உறவை ஆராய்ந்து 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. அப்போது வெளியான வரலாற்று நூலை எழுதியவர், 2008இல் உள்நாட்டுப் போர் வகுப்பை எடுத்த அதே பிளைட். வரலாற்றாசிரியர் பதினாறு ஆண்டு நகர்ந்துவிட்டார். பதிவு 2008இலேயே நிற்கிறது, நூலில் வந்த எதுவும் அதற்குள் நுழைய முடியாது. பதிவில் தேதியைப் பார்க்காமல் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பதிவிடம் கேள்வி கேட்க முடியாதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதை மறுப்பதற்கில்லை. யேலில் மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புகளும் படிப்பில் ஒரு பகுதி, அவை பதிவாகவில்லை. நமக்குக் கிடைப்பது ஒருவழிப் பேச்சுதான். அதனால் தனியாகக் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்பது மேல். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இவர் இதை எந்தச் சான்றின் மேல் சொல்கிறார் என்று ஆளுக்கொரு பதில் சொல்லிப் பார்த்தால், பதிவாகாத அந்தப் பகுதியில் கொஞ்சமாவது மீளும். விடுதி அறையில் இதற்கு ஒரு கைப்பேசி போதும்.

ஆங்கிலம் தடையாகாதா? ஆகும். ஆனால் யேல் தந்திருக்கும் உரிமம், வணிக நோக்கின்றி, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின் கீழ் எவரும் நகலெடுக்கவும் மொழிபெயர்க்கவும் இடம் தருகிறது. இடையே காட்டப்படும் பிறர் படங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. நகலெடுத்து வைப்பதும் அவசியம். காது கேளாதோருக்கு எழுத்துவடிவம் இல்லை என்று அமெரிக்க நீதித்துறை சுட்டிக்காட்டியதும், பெர்க்லி பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எழுத்து சேர்க்கச் செலவாகும் என்று மொத்தத்தையும் பூட்டியது எனக்கு நியாயமாகப் படவில்லை. யேல் பதிவுகளுக்கு எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வரலாற்று மாணவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பு என்று தமிழிலும் தெலுங்கிலும் துணைவரி எழுதத் தொடங்கினால் தனியாக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.