கூரை ஒழுகும் வரை காத்திருக்கும் நகரசபைகள்

அமெரிக்காவில் எமது தமிழ்ப் பாடசாலைகள் பல, சொந்தக் கட்டடத்தில் நடப்பதில்லை. நகரசபை நூலகத்தின் கூட்ட அறை, சமூக நிலையத்தின் மண்டபம், அரச பாடசாலையின் வகுப்பறை என்று வார இறுதியில் கிடைக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகுகிறார்கள். பொங்கல் விழா, முதியோர் ஒன்றுகூடல், நடன வகுப்பு எல்லாவற்றுக்கும் அதே கட்டடங்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த 30 ஆண்டுகளில் எழுந்தவை. இப்போது அவற்றின் கூரைகளும் கொதிகலன்களும் குழாய்களும் ஒன்றாக மூப்படைந்து வருகின்றன. "மறு அறிவித்தல் வரை மண்டபம் மூடப்பட்டுள்ளது" என்ற அறிவித்தல் கதவில் தொங்கும்போதுதான் நாம் கேட்கிறோம்: இதைத் திருத்துவது யார்? பணம் எங்கிருந்து வரும்? ஏன் முன்பே செய்யவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு நியூ ஜேர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்களிலும் விடை உண்டு. மூன்றிலும் அந்த விடை வியக்கத்தக்க விதத்தில் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஒரு கட்டடத்தின் உண்மையான விலை

யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி வைத்திருந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வேலியை ஒருமுறை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எவரும் நினைத்ததில்லை. மாரிக்கு முன் கூரை வேய்வதும், பழுதான கதியாலை மாற்றுவதும், கிடுகு மாற்றி வேலி அடைப்பதும் வீட்டுச் செலவின் ஒரு பகுதியாகவே இருந்தன. ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடம் இரட்டிப்பு வேலை.

பொதுக் கட்டடங்களுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1990 இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஒரு பொதுக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு செலவாகுமோ அதில் 2 முதல் 4 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றுவரை கட்டட முகாமையாளர்கள் எடுத்துக்காட்டும் அளவுகோல் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். புதிதாகக் கட்ட 20 மில்லியன் டொலர் பிடிக்கும் நூலகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆண்டுக்கு 4 இலட்சம் முதல் 8 இலட்சம் டொலர் வரை தேவை. நகரசபை 1 இலட்சம் மட்டுமே ஒதுக்குகிறது. குறைந்தபட்ச அளவை வைத்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு 3 இலட்சம் குறைகிறது. 10 ஆண்டுகளில் 3 மில்லியன் டொலர் வேலை பின்தங்கிவிடும். இவ்வாறு ஒத்திப்போடப்பட்ட வேலையின் மதிப்பைக் கட்டடத்தின் மறுகட்டுமான மதிப்பால் வகுத்தால் வருவதைக் கட்டட நிலைச் சுட்டெண் என்கிறார்கள். 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நல்ல நிலை, 5 முதல் 10 வரை பரவாயில்லை, 10க்கு மேல் மோசம் என்பது பரவலான வழக்கம். எமது எடுத்துக்காட்டு நூலகம் 15 சதவீதத்தில் நிற்கிறது. வெளியே பார்த்தால் சுவருக்குப் புதுப் பூச்சு அடித்திருக்கும். புத்தகங்களும் ஒழுங்காக இருக்கும். பழுது கூரையிலும் நிலவறையிலும் இருக்கும்.

இந்தக் கணக்கு அப்படியே நிற்பதும் இல்லை. கூரையில் சிறிய ஒழுக்கு. அதை அடைக்கவில்லை. நீர் வெப்பக் காப்புப் படையில் இறங்குகிறது, பிறகு உட்கூரை ஊறுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, மின்கம்பிகளைத் தொடுகிறது. கூரைக்காரர் ஒருவர் ஒரு நாளில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு இப்போது நாலு ஒப்பந்தக்காரர் தேவை. அந்த வேலை நடக்கும் வரை கட்டடமும் பூட்டிக் கிடக்கும்.

ஏன் ஒத்திப்போடுகிறார்கள்?

அரசியல்வாதிகள் நாடா வெட்டத்தான் விரும்புவார்கள், குழாய் மாற்ற விரும்பமாட்டார்கள் என்று சொல்வது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதைவிட ஆழமான காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது.

நியூ ஜேர்சியில் 2010 இல் வந்த சட்டம், நகரசபைகள் அறவிடும் மொத்தச் சொத்து வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது என்று கட்டுப்படுத்தியது. டெக்சாசில் 2019 இல் வந்த சட்டப்படி, பெரிய நகரங்கள் நடைமுறைச் செலவுக்கான சொத்து வரி வருமானத்தை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த விரும்பினால் வாக்காளரிடம் போக வேண்டும். கலிபோர்னியாவில் 1978 இன் 13 ஆம் முன்மொழிவு, அடிப்படைச் சொத்து வரியை மதிப்பின் 1 சதவீதத்துக்கும், மதிப்பின் ஆண்டு உயர்வை 2 சதவீதத்துக்கும் மட்டுப்படுத்தியது.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது எது? ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சிறு பராமரிப்பு, கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் நடைமுறைச் செலவில் வருகிறது. காவற்துறைச் சம்பளம், குப்பை அகற்றல், மருத்துவக் காப்புறுதி எல்லாவற்றோடும் அது போட்டி போட வேண்டும். கடன் வாங்கிச் செய்யும் பெரிய வேலையோ அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. நியூ ஜேர்சியிலும் டெக்சாசிலும் கடன் மீளச் செலுத்தல் உச்சவரம்பில் சேர்வதில்லை. கலிபோர்னியாவில் வாக்காளர் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால், நகரங்கள் 1 சதவீதத்துக்கு மேலாகவும் பிணைமுறிக்கென வரி அறவிடலாம்.

ஆகவே கூரையை ஆண்டுதோறும் கவனிப்பதைவிட, அது இடிந்து விழும் நிலைக்கு வந்தபின் கடன் வாங்கி மாற்றுவது நகரசபையின் வரவு செலவுத் திட்டத்துக்கு இலகுவாக இருக்கிறது. வரி செலுத்துபவருக்கு அது இலகுவானது அல்ல. முதலோடு 20, 30 ஆண்டு வட்டியையும் அவர்தான் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் தப்புவதில்லை, வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துவிடுவார். ஊரில் சோலைவரி என்று கட்டினோமே, அதன் பெரிய அண்ணன்தான் இங்குள்ள சொத்து வரி.

டலஸ் நகர மண்டபம்: 50 ஆண்டு கூட ஆகவில்லை

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு டெக்சாசின் டலஸ் நகர மண்டபம் கண்முன்னே நிற்கும் சான்று. உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து, 1978 இல் திறக்கப்பட்ட மாபெரும் கொங்கிறீற் கட்டடம் அது. மேலே போகப் போக அகன்று, முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அதன் கூரை, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம், மின் இணைப்பு, குளிரூட்டும் தொகுதி என்று ஒவ்வொன்றாகப் பழுதுகள் சேர்ந்தன. 2025 இல் திருத்தச் செலவு நூற்றுக்கணக்கான மில்லியன் டொலராகும் என்ற மதிப்பீடுகள் மாநகர சபை முன் வந்தன. அந்த நவம்பரில், திருத்துவதா, விட்டு வெளியேறுவதா என்று மாற்று வழிகளை ஆராயும்படி சபை வாக்களித்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு போராடுகிறது.

அதே டலசில் 2024 மே மாதம் வாக்காளர்கள் 1.25 பில்லியன் டொலர் பிணைமுறித் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். அதில் மிகப் பெரிய பங்கு, 500 மில்லியனுக்கும் மேல், வீதிகளுக்குப் போனது. வீதியில் குழி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். நிலவறையில் நீர் கசிந்தால் காவலாளிக்கு மட்டுமே தெரியும்.

சான் பிரான்சிஸ்கோ கற்றுக்கொண்ட வழி

மறுபக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ. அந்த நகரின் பழைய மண்டபம் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1906 நிலநடுக்கத்தில் சில நொடிகளில் சிதைந்தது. அதன் பின் 1915 இல் எழுந்த இன்றைய மண்டபத்தை 1989 ஒக்ரோபர் 17 இல் வந்த லோமா பிரியேற்றா நிலநடுக்கம் கடுமையாகப் பாதித்தது. கட்டடத்தின் அடித்தூண்களை அறுத்து, இறப்பரும் உருக்கும் அடுக்கிய 500க்கும் மேற்பட்ட தாங்கிகளின் மேல் முழுக் கட்டடத்தையும் இருத்தினார்கள். நிலம் ஆடினாலும் கட்டடம் மெதுவாகவே அசையும். சுமார் 300 மில்லியன் டொலர் செலவில் 1999 ஜனவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. வளைகுடாவின் மறுகரையில் ஓக்லாந்து தனது 1914 ஆம் ஆண்டு மண்டபத்தை இதே முறையில் பலப்படுத்தி 1995 இல் திறந்திருந்தது.

அடுத்து சான் பிரான்சிஸ்கோ செய்ததுதான் எமக்கு முக்கியம். 2005 இல் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நகரின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டமைப்புகளுக்கும் 10 ஆண்டு மூலதனத் திட்டம் ஒன்று தயாரிக்கப்பட்டு, 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எந்தக் கட்டடம் எப்போது, எந்தப் பணத்தில், எதை ஒத்திப்போடுகிறோம் என்பது எல்லோரும் வாசிக்கக்கூடிய ஆவணத்தில் இருக்கிறது. பழைய பிணைமுறிக் கடன் அடையும்போதே புதியதை வெளியிடுவது, அதனால் சொத்து வரி வீதம் 2006 இன் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்பது அவர்களின் கொள்கை. இந்த ஒழுங்கில்தான் தீயணைப்பு நிலையங்கள், காவல் நிலையங்கள், அவசர நீர் வழங்கல் ஆகியவற்றுக்காக 2010 இல் 412 மில்லியன், 2014 இல் 400 மில்லியன், 2020 இல் 628 மில்லியன் டொலர் பிணைமுறிகளை மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வரி கூடாது என்று நம்பியதாலும், பணம் எங்கே போகிறது என்று தெரிந்ததாலும் மக்கள் சம்மதித்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

நியூ ஜேர்சியில் எதைப் பார்க்க வேண்டும்?

நியூ ஜேர்சியில் ஒவ்வொரு நகரசபையின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் பின்பகுதியிலும் மூலதனப் பகுதி ஒன்று உண்டு. 10,000க்கு மேல் மக்கள் உள்ள ஊர் என்றால் 6 ஆண்டுத் திட்டமும், அதற்குக் குறைந்த ஊர் என்றால் 3 ஆண்டுத் திட்டமும் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்கும் கட்டளைச் சட்டம் இரண்டு வாசிப்புக்கு வந்து, பொது விசாரணை நடந்து, சபை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவைப் பெற வேண்டும். பொதுவாக 5 சதவீதத்தை முன்பணமாகக் காட்ட வேண்டும். கடனின் காலம் அந்தப் பொருளின் பயன்பாட்டுக் காலத்தைத் தாண்டக் கூடாது. 15 ஆண்டு உழைக்கும் இயந்திரத்துக்கு 30 ஆண்டுக் கடன் வாங்கினால், பழுதாகிப்போன பொருளுக்கு எமது பிள்ளைகள் வட்டி கட்ட வேண்டி வரும் அல்லவா?

இன்னொரு வழியும் இருக்கிறது. 2009 முதல் நடைமுறையில் உள்ள சக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், பழைய கொதிகலன், விளக்கு, குளிரூட்டி ஆகியவற்றை மாற்றி, மின், எரிவாயுக் கட்டணத்தில் மிஞ்சும் பணத்தாலேயே அந்தச் செலவை அடைக்கலாம்.

புதுப்பிக்கும்போது 1990 இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கூடவே வரும். மாற்றம் செய்யும் பகுதிக்குச் சக்கர நாற்காலியில் போகும் வழி இருக்க வேண்டும். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் முதியோர் ஒன்றுகூடலுக்குப் படியேற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடும் எமது அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் அது சலுகை அல்ல, கதவு.

கேட்க வேண்டிய கேள்விகள்

வாக்குரிமை இல்லாதவர்களும் பொது விசாரணையில் எழுந்து பேசலாம். குடியுரிமை கிடைக்கும் வரை வாயை மூடியிருக்க வேண்டும் என்று எந்த நகரசபையும் சொல்வதில்லை. நியூ ஜேர்சியின் பெரும்பாலான ஊர்களில் வரவு செலவுத் திட்ட விசாரணை வசந்த காலத்தில் வரும். கலிபோர்னியாவில் நிதியாண்டு ஜூலை 1 இல் தொடங்குவதால் மே, ஜூன் மாதங்களில் நடக்கும். டலஸ் போன்ற டெக்சாஸ் நகரங்களில் ஒக்ரோபர் 1 தொடக்கம் என்பதால் ஓகஸ்ட், செப்டெம்பரில் நடக்கும். அங்கே கேட்க வேண்டியவை இவை:

எமது நூலகம், சமூக நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகியவற்றின் நிலை கடைசியாக எப்போது மதிப்பிடப்பட்டது? அந்த அறிக்கை எங்கே? ஒத்திப்போட்ட வேலைகளின் மொத்த மதிப்பு எவ்வளவு? இந்த ஆண்டு ஒதுக்கியது மறுகட்டுமான மதிப்பில் எத்தனை சதவீதம்? 5 ஆண்டுக்குள் ஆயுள் முடியும் கூரை, கொதிகலன், லிப்ட் எவை? புதிய கட்டடம் கட்டுகிறீர்கள் என்றால், அதைப் பராமரிக்கும் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

கடைசிக் கேள்வியை நாம் எமக்குள்ளும் கேட்க வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் எமது அமைப்புகள் பழைய தேவாலயங்களையும் பண்டகசாலைகளையும் வாங்கிக் கோவிலாகவும் மண்டபமாகவும் மாற்றியிருக்கின்றன. வாங்கும்போது தங்க நகையைக் கூடக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. கூரைக்கு ஒதுக்கிய நிதி என்று தனிக் கணக்கு வைத்திருப்பவை எத்தனை? கும்பாபிஷேகத்தை 12 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கே, கட்டடத்தைக் காலந்தோறும் பார்த்துத் திருத்த வேண்டும் என்ற அறிவையும் தனக்குள் வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981 இல் ஓரிரவில் எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பைச் செய்தவர் யார் என்று எமக்குத் தெரியும், அதனால் அது மறக்கப்படவில்லை. பராமரிப்பில்லாமல் மெல்ல மெல்ல மூடப்படும் நூலகத்துக்குக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. அதற்காக எவரும் நினைவுநாள் கொண்டாடுவதும் இல்லை. ஒரு பொதுக் கட்டடத்தின் அருமை தெரிந்த சமூகம் நாம். அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில், மூலதனப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களில் ஒருவராவது தமிழராக இருக்கட்டும்.