ஒற்றை வாசலும் ஒளித்த வாசல்களும்

மன்னார், வங்காலை வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “மீன்கொத்தியும் எலியைப் போல வளை தோண்டுமாமே, உண்மையா?”

உண்மைதான். 2010இல் ராம்சார் ஈரநிலமான வங்காலைச் சரணாலயத்தின் அருகில் வசிப்பவருக்கு மீன்கொத்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவையையே எடுத்துக்கொள்வோம். எலிகளில் அதனோடு ஒப்பிடத் தக்கது வெள்ளெலி. வால் நுனியில் கரிய மயிர்க்குஞ்சம் கொண்ட, இரவில் இரைதேடும் வறண்ட நிலத்து எலி அது.

வெள்ளெலிக்கு வளை வருடம் முழுவதும் வீடு. மீன்கொத்திக்கோ முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலத்துக்கு மட்டும்.

எலி வளையில்தான் விந்தை அதிகம். பல சுரங்கங்கள், பல வாசல்கள். சிலவற்றை எலி முழுதாகத் திறப்பதில்லை. தரைமட்டம்வரை தோண்டிவந்து, இளமண்ணால் மெல்ல அடைத்துவிடும். மேலே நின்று பார்த்தால் வெறுந்தரை. சாரைப்பாம்பு முன்வாசலால் நுழைந்ததும் அந்த இளமண்ணை முட்டிக்கொண்டு எலி வெளியே பாயும். வேலியில் பொட்டு வைத்து, கிடுகு சாத்தி மறைத்த கெட்டிக்காரத்தனம் அது.

மீன்கொத்திக்கு ஒரே வாசல். அலகால் மண்ணைக் குத்தி இளக்கி, முன்விரல்கள் அடியில் ஒட்டிய குட்டைக் கால்களால் பின்னே தள்ளித் தள்ளி, ஒரு மீற்றருக்கும் கூடுதலாக உள்ளே போகும். தப்பியோட மறுவழி கிடையாது. அதன் காவலெல்லாம் இடத்தேர்வில்தான்: பாம்பும் உடும்பும் ஏறச் சிரமப்படும் செங்குத்தான மண்கரை.

அங்கேதான் வில்லங்கம். மன்னார்த் தீவு தட்டை மணல். அப்படிப்பட்ட கரை அரிது. பாலம் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்தால் குளக்கட்டும் வாய்க்கால் கரையும் உண்டு. ஆனால் சீமெந்து பூசிய வாய்க்காலில் எந்த அலகு இறங்கும்? மணல் அகழ்ந்த குழியின் சுவரிலும் மீன்கொத்திகள் வளை தோண்டுவதுண்டு. மறுபடி வந்து அதே சுவரை வெட்டினால் குஞ்சுகள் மண்ணோடு போய்விடும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஆறு கிழமை. அதுவரை ஒரு பக்கத்துச் சுவரை விட்டுவைப்பதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

குஞ்சுள்ள வளையை அடையாளம் காண்பது லேசு. வாசலுக்குக் கீழே வெள்ளை எச்சம் வடிந்திருக்கும். கிட்டப்போனால் மீன் நாற்றம் அடிக்கும். கண்டவர்கள் மண் ஏற்ற வருபவரிடம் அடுத்த பக்கத்தில் வெட்டச் சொல்லலாம்.