பவுன் விலையும் மில் வண்டியும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மே மாதம்தான் மில் புரோக்கர்களுக்கு அறுவடைக் காலம். பாஸான பெண்ணின் வீட்டில் மேலே படிக்கவைக்கக் காசுக்கு எங்கே போவது என்ற பேச்சு. ஃபெயிலான பெண்ணின் வீட்டில் இனி என்ன செய்வது என்ற அழுகை. இரண்டு வீட்டுக்குள்ளும் நுழைய ‘கல்யாணச் செலவு’ என்று ஆரம்பித்தால் போதும்.

புரோக்கர் என்றதும் வெள்ளை வேட்டி, தங்கச் செயின் ஆசாமியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பல ஊர்களில் அது அடுத்த தெரு அத்தைதான். ஒரு காலத்தில் அதே மில்லில் சைடராக, அதாவது நூற்கும் இயந்திரம் பார்ப்பவராக, இருந்தவர். பெண்ணுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். விருதுநகர், தூத்துக்குடி, தேனி, புதுக்கோட்டை என்று மழையை நம்பிய மாவட்டங்களிலிருந்து திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் நூற்பாலைகளுக்குப் பெண்கள் போன வழி இதுதான். போனவர்களில் பெரும்பாலோர் தலித் வீட்டுப் பிள்ளைகள்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயர் வாசகர்களுக்குப் புதிதல்ல. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். பாதியில் வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. இத்தனைக்கும் அது மில் கொடுத்த சீதனமல்ல, மாதாமாதம் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டதும் வெளிநாட்டுத் துணிக்கடைகள் பதறின. ஊர்ச் சுவர்களிலிருந்து, இதே திட்டத்தின் இன்னொரு பெயரான ‘திருமகள் திருமணத் திட்டம்’ நோட்டீஸ்கள் மெல்ல மறைந்தன. பெண் வீட்டாருக்கு அட்வான்ஸ் கொடுப்பது மறையவில்லை.

‘இஷ்டப்பட்டுத்தானே போனாள், இது எப்படி ஆள் கடத்தல் ஆகும்?’ என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. 2013-ல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு, ஏமாற்றியோ ஆசைகாட்டியோ சுரண்டலுக்காக ஆள் சேர்த்தால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்றது. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவும் அதையே சொல்கிறது. அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதற்கு எதிராக 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால், மே மாதத்துச் சாயங்காலத்தில் அத்தை திண்ணையில் வந்து உட்காரும்போது சட்டப்பிரிவு கூட வருவதில்லை. அங்கே வேலை செய்வது ஊர்ப் பெண்கள்தான்: சுய உதவிக் குழுவில் இருப்பவர், அங்கன்வாடி ஊழியர், மில்லிலிருந்து பாதியில் திரும்பி வந்த ஒரு பெண். இவர்கள் கேட்பது சாதாரணக் கேள்விகள். மில்லின் முழுப் பெயர் என்ன, எந்த ஊர்? பி.எஃப். பிடிப்பார்களா, சம்பள ரசீது உண்டா? பிள்ளை கையில் போன் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை அம்மா போனால் கேட்டுக்குள் விடுவார்களா? பதில் சொல்லத் தெரியாத புரோக்கர் அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுந்துவிடுவார். வேலைக்கு வெளியூர் போகும் பெண்களின் பெயர், வயது, போன இடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் ஊர்களும் உண்டு. பிள்ளை பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098-க்கு ஒரு போன். இதில் வீரதீரம் எதுவும் இல்லை. சொந்தக்காரரின் பகை மட்டும் நிச்சயம்.

மில்லுக்கு உள்ளேயும் பெண்களே எழுந்தார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடி 2022-ல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி 25 தொழிலாளிகளுக்கு ஒருவர், அவர்களிலிருந்தே, பாலியல் தொல்லையைக் கண்காணிக்க ஏற்பாடானது. ஹாஸ்டல்தான் பெண்களுக்குப் பாதுகாப்பு, இந்த வருமானமும் இல்லாவிட்டால் பதினாறு வயதில் கல்யாணம் முடிந்திருக்கும் என்பது ஆலைத் தரப்பு வாதம். கொஞ்சம் உண்மை இருக்கலாம். பாதுகாப்புக்கு ஹாஸ்டல் கதவில் வெளிப்பூட்டு எதற்கு என்பதற்குத்தான் பதில் வரவில்லை. இப்போது ஹாஸ்டல்களில் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் உள்ள திண்ணைகளில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எனக்கு உறுத்துவது வேறு. புரோக்கரின் மூலதனம் வறுமை என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். வறுமை வருடம் முழுக்க இருக்கிறது. கதவைத் திறந்துவிடுவது நகை. 2005-ல் ஒரு பவுன் ஐயாயிரத்துச் சொச்சம். நாற்பதாயிரம் வந்தால் ஏழு பவுன் வாங்கலாம் என்று ஒரு தாய் கணக்குப் போட்டதில் தவறில்லை. 2011-ல் அதே பணத்துக்கு இரண்டு பவுன். 2025-ல் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியபோது அந்தத் தொகைக்கு அரைப் பவுனுக்குச் சற்று மேல்தான் தேறியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுன் மட்டும் அதற்கேற்றபடி குறைந்ததாகத் தெரியவில்லை. இடைவெளியை வாரக்கடன் நிரப்புகிறது. வாரக்கடனை அடைக்க மறுபடி மில் வண்டி.

அரசாங்கமும் நெடுநாள் இதே கணக்கில்தான் இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் தாலிக்குத் தங்கம் 2011-ல் 4 கிராம், 2016-ல் 8 கிராம். 2022-ல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். தாலித் தங்கம் போய்விட்டதே என்று வருந்திய தாய்மார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. என்னைக் கேட்டால், எந்தக் கருத்தரங்கத்தையும்விட அந்த ஆயிரம் ரூபாய் புரோக்கருக்குப் பெரிய இடைஞ்சல். கல்லூரிக்குப் போகிற பெண்ணிடம் மூன்று வருடக் கதை எடுபடாது.

ஆனால், படித்த பெண்ணுக்கும் நகை கேட்கிறார்கள். வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு வயது அறுபதுக்கு மேல். புரோக்கரைத் திண்ணையிலிருந்து எழுப்பி அனுப்பும் அதே குழுவில், மகன் கல்யாணத்துக்குப் பவுன் பேசி முடித்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் குழுக்கூட்டத்தில் கிளப்பினால் சட்டென்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். குழந்தைத் திருமணத்துக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போடும் ஊர்கள் உண்டு. நகைப் பட்டியலுக்கு எதிராக ஏன் ஒரு தீர்மானம் போடக்கூடாது? பெண்ணைப் பெற்றவர் எழுந்து பேசினால் செய்ய வக்கில்லாமல் பேசுகிறார் என்று ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். மகனைப் பெற்ற ஒரு குழுத் தலைவி, பெண் பார்க்கும் வயதில் அவன் இருக்கும்போதே, முதலில் எழுந்து பேச வேண்டும்.