வீட்டிலே வெதுப்பும் சிற்றுண்டிகள்

மாவைக் கண்டதும் பிசையத் தொடங்குவது தமிழ் இல்லங்களின் பழக்கம். ரொட்டிக்கு மா எவ்வளவுக்குப் பிசையப்படுகிறதோ அவ்வளவுக்கு அது இசைந்து கொடுக்கும் என்பது பாட்டியர் காலந்தொட்டு வழிவழி வந்த அறிவு. அவ்வறிவு பிழையன்று. ஆயின் அதே கை அதே பழக்கத்தோடு ஸ்கோன் என்னும் பண்டத்தைச் செய்யப் புகும்போதுதான் தொல்லை விளைகிறது. மென்மையாக எழும்பி வரவேண்டிய பண்டம் போறணையிலிருந்து கல்லாக வெளிவருகின்றது. செய்தவர் மாவைக் குறை கூறுவார், சோடாவைக் குறை கூறுவார், அடுப்பையும் விட்டுவைக்கமாட்டார். குற்றம் பெரும்பாலும் இவற்றில் இல்லை. மாவை அளவுக்கு மிஞ்சித் தொட்டதே குற்றம்.

ஒரு தட்டுப் பலகாரம் கெட்டுப்போவது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். இலங்கையில் கோதுமை வாணிப அளவிற் பயிராவதில்லை. தானியம் கடல் கடந்தே வருகின்றது. வெண்ணெயும் முட்டையும் மலிவான பொருள்கள் அல்ல. 2022ஆம் ஆண்டிலே எரிவாயுச் சிலிண்டருக்காக நாட்கணக்காய் வரிசையில் நின்ற குடும்பத்தினருக்கு, ஒருமுறை போறணையை மூட்டி அதன் பயனை இழப்பது அற்பச் செய்தியாக இராது. ஆதலால், விசுக்கோத்து, மஃபின், ஸ்கோன் என்னும் இம்மூன்று எளிய பண்டங்களைச் செய்யுமுன், மாவுக்குள் நிகழ்வது யாதென அறிந்துகொள்வது இலாபமே.

கோதுமை மாவில் மாப்பொருளோடு புரதங்களும் உள்ளன. நீர் பட்டுக் கலக்கப்படும்போது அப்புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீளும் ஒரு வலையாகின்றன. குளூட்டன் என்பது அதன் பெயர். பிசையப் பிசைய வலை வலுப்பெறும். பாணுக்கு அது வேண்டும். மதுவம் மணிக்கணக்காக மெல்ல மெல்ல வெளியிடும் வாயுவை அவ்வலையே பிடித்து வைக்கின்றது. இங்குக் கூறப்படும் பண்டங்களிலோ மதுவம் இல்லை. வாயு சில நிமிடங்களுள் எழுந்து அடங்கிவிடும். வலை இறுகியிருந்தால் அக்குறுகிய நேரத்தில் மா விரிய இயலாது. பண்டமும் தோல்போல் இழுபடும்.

யாழ்ப்பாணத்து அடுக்களை இவ்வுண்மையை வேறொரு வழியால் அறிந்தே வைத்திருக்கிறது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைப் பச்சையாகக் குழைக்காமல், முதலில் நீராவியில் அவித்து, அரிதட்டில் அரித்துக்கொள்வது அங்கே வழக்கம். அவிக்கும்போது புரதங்கள் வெப்பத்தால் தன்மை மாறிவிடுகின்றன. பின்னர் நீர் விட்டாலும் முன்போல வலை உருவாவதில்லை. பச்சை மா பசையாய்த் திரள, அவித்த மா பிட்டாய் உதிர்வது இதனாலேயே. விஞ்ஞான நூல் எதனையும் புரட்டாமற் கண்டுகொண்ட இத்தீர்வு வியந்து பாராட்டத்தக்கது. எனினும் ஸ்கோனுக்கு அவித்த மா உதவாது. சிறிதளவேனும் வலை இருந்தாற்றான் வாயு தங்கும். அங்கு வேண்டுவது வலையை அழிப்பதன்று, வளரவிடாது அடக்குவதே.

அடக்குவதற்குத் துணை கொழுப்பு. ஸ்கொத்லாந்து நாட்டிலே ஆதியில் இரும்புத் தட்டின்மேல், ஏறக்குறைய ரொட்டியைப் போலவே சுடப்பட்ட ஸ்கோனை எடுத்துக்கொள்வோம். 225 கிராம் கோதுமை மா, 3 மட்டத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை அரித்துக்கொள்ளவேண்டும். 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவிலிட்டு, விரல்நுனிகளால் மட்டும் உரசி உதிர்க்கவேண்டும். உள்ளங்கை படலாகாது. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். உள்ளங்கையின் சூடும் அதற்கு அண்மையதே. நுவரெலியாவிற் செய்பவருக்கு இதிற் கவலை குறைவு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளோர் வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்நேரத்திலேயே எடுப்பதும், இவ்வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வதும் நன்று. உருகாத வெண்ணெய் மாத்துகள்களைப் போர்த்து, நீர் அவற்றை எளிதில் அடையாதபடி தடுக்கின்றது. வலை குறைவதும் பண்டம் உதிர்வதும் இப்போர்வையினாலேயே.

உதிர்த்த மா பாண் தூள்போலத் தோன்றியதும் 25 கிராம் சீனியைத் தூவி, நடுவிற் குழி செய்து, ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் குளிர்ந்த பாலை ஊற்றி, ஒரு மழுங்கற் கத்தியாற் கிளறவேண்டும். திரண்டதும் நிறுத்தவேண்டும். மா சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். அதைப் பார்த்து மனம் பொறாமற் பிசைபவர்களே பலர். மூன்று நான்கு முறை மெல்ல மடித்து, ஓரங்குலக் கனத்திற் கையால் தட்டினாற் போதும். வட்டங்களாக வெட்டும்போது அச்சை நேரே அழுத்தி நேரே தூக்கவேண்டும். திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொள்ள, ஸ்கோன் ஒருபுறம் சாய்ந்து எழும்பும். 220 பாகை வெப்பநிலையில் 12 முதல் 15 நிமிடம் வெந்தாற் போதுமானது.

மஃபினில் கையே படுவதில்லை. இங்கிலாந்திலே மஃபின் என்பது மதுவமிட்டுத் தட்டிற் சுடும் ஒருவகை வட்டப் பாண். இங்குக் கூறப்படுவது அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் கிண்ணப் பண்டம். 250 கிராம் மா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 100 கிராம் சீனி ஆகியவை ஒரு பாத்திரத்தில். ஒரு முட்டை, ஒரு கோப்பை பால், அதில் மூன்றிலொரு பங்கு எண்ணெய் ஆகியவை மற்றொன்றில். நீரானதை உலர்ந்ததன்மேல் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு முறை கிளறி விட்டுவிடவேண்டும். மாக்கட்டிகள் தென்படலாம், வேகும்போது அவை கரைந்துவிடும். கேக்குக்குப்போல அடித்துக் கலக்கினால், வெந்த மஃபினைப் பிளந்து பார்க்கையில் உள்ளே நீண்ட குடைவுகள் தெரியும். நன்கு கனிந்த கதலிப்பழம் இரண்டை மசித்துச் சேர்ப்பவர் பாலைச் சிறிது குறைக்கவேண்டும். 200 பாகையில் 20 நிமிடம் சென்றபின் ஓர் ஈர்க்கைக் குத்திப் பார்க்கலாம். மா ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

இவ்விரண்டையும் எழுப்பும் பேக்கிங் பவுடர் மிகப் பழையதன்று. பேர்மிங்காம் நகரின் அல்பிரட் பேர்ட் என்னும் மருந்து வணிகர், மதுவம் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு 1843இல் ஒரு பொடியைக் கூட்டினார். சோடாவும், உலர்ந்த அமிலப்பொருளும், ஈரம் உறிஞ்ச மாப்பொருளும் சேர்ந்ததே பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும் அமிலமும் சோடாவும் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயு பிறக்கின்றது. ஈரப்பதன் மிக்க நாட்டில் திறந்து வைத்த டப்பாவிலேயே இத்தாக்கம் நிகழ்ந்து முடிந்துவிடுவதும் உண்டு. ஐயமிருப்பின் அரைத் தேக்கரண்டிப் பொடியைச் சுடுநீரில் இடுக. நுரைத்துப் பொங்காவிடின் அதை எறிந்துவிடலாம். அத்தகைய வேளையிற் கைகொடுப்பது அடுக்களையில் எப்போதும் உள்ள அப்பச்சோடா. ஆனால் அதற்கு அமிலம் வேறாக வேண்டும். பாலுக்குப் பதிலாகப் புளித்த தயிரைச் சற்றே நீர் விட்டுக் கடைந்து, கோப்பைக்கு அரைத் தேக்கரண்டிச் சோடா சேர்த்தாற் போதும். மிகுந்தால் சவர்க்காரச் சுவை தோன்றும், நிறமும் மஞ்சளிக்கும். எதைச் சேர்த்தாலும், குழைத்த மாவைக் காத்திருக்கவிடாமல் உடனே சூட்டில் வைக்கவேண்டும்.

விசுக்கோத்துக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்கர் இதனைக் குக்கீ என்பர். அச்சொல் ஒல்லாந்தரின் கூக்யே என்பதிலிருந்து பிறந்தது. இலங்கையிற் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிசும் அதே ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஒன்று போறணையில் வேக, மற்றது எண்ணெயிற் பொரிகின்றது. மிக எளிய விசுக்கோத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்னும் கணக்கை மனத்திற் கொண்டாற் போதும்: 100 கிராம் சீனி, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மா. நீரும் இல்லை, சோடாவும் இல்லை. மாவில் ஐந்திலொரு பங்கை அரிசி மாவாக மாற்றினால் மொறுமொறுப்புக் கூடும். அரிசியில் குளூட்டன் கிடையாது. தட்டிலிடுமுன் அரைமணி நேரம் குளிர வைத்தால் விசுக்கோத்து வழிந்து பரவாது. 165 பாகையளவில், கனத்துக்கேற்ப 20 நிமிடம்வரை வேகும். வெளியே எடுக்கும்போது அது மெதுவாகவே இருக்கும். ஆறும்போதே இறுகும் என்பதை அறியாதார், இன்னும் வேகவில்லையென மீண்டும் உள்ளே தள்ளிக் கருக்கிவிடுகின்றனர்.

மின் போறணை இல்லாத வீட்டார் மனம் தளரவேண்டியதில்லை. அடி கனத்த பெரிய பானையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடி, கால் மணி நேரமாவது சூடேற்றியபின் தட்டை இறக்கலாம். கீழ்ச்சூடு மட்டும் இருப்பின் மேற்புறம் வெளிறியே நிற்கும். அப்பம் சுடுவோர் சட்டியின் மூடிமேல் தணலிடுவதுபோல, இங்கும் தட்டையான மூடியிற் சிரட்டைத் தணலைப் பரப்பினால் மேற்புறமும் சிவக்கும். பானையுள் எத்தனை பாகை என்பதைக் கூறக் கருவி இராது. ஒரு தகரத்தட்டில் ஒரு சிட்டிகை மாவைத் தூவி உள்ளே வைத்துப் பார்க்கவேண்டியதே. அது உடனே கருகினால் தணலைக் குறைக்கவேண்டும். மெல்லப் பொன்னிறமானால் விசுக்கோத்துக்கு ஏற்ற சூடு.

ஸ்கோனை அன்றே உண்ணவேண்டும். மஃபின் மறுநாள்வரை தாங்கும். விசுக்கோத்து முற்றும் ஆறியபின், காற்றுப் புகாத தகரப் பேணியில் இடப்படின், மாரிகாலத்திலும் ஒரு வாரம் மொறுமொறுப்போடு இருக்கும். நமத்துப்போனவற்றையும் மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுக்கும்.