ஆட்டோகிராஃப் சங்கங்கள்: போலியிலிருந்து காப்பாற்றுமா?

பிரபலங்களின் கையெழுத்தை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சங்கங்கள் இருக்கின்றன. கையெழுத்து விற்கும் வியாபாரிகளுக்கும் தனிச் சங்கங்கள் உண்டு. 'இன்ன சங்கத்தின் உறுப்பினர்' என்ற முத்திரையைப் பார்த்ததும் பலர் யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு? பலருக்கும் எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

ஆட்டோகிராஃப் சந்தையில் போலிகள் அவ்வளவு அதிகமா?

அதிகம்தான். பேஸ்பால் வீரர் டோனி க்வின், தான் போடாத கையெழுத்து தன் பெயரிலேயே, அதுவும் தன் அணியின் கடையிலேயே விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. சான் டியாகோவில் தொடங்கிய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணை, நாடு முழுக்கப் பரவியிருந்த ஒரு போலிக் கும்பலை வெளியே கொண்டுவந்தது. பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! அதிகம் தேடப்படும் பிரபலங்களின் கையெழுத்துப் பொருள்களில் பாதிக்கு மேல் போலி என்பது, அப்போது எஃப்.பி.ஐ. எடுத்துச் சொன்ன துறை வல்லுநர்களின் மதிப்பீடு.

இந்தச் சங்கங்கள் எவை? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை சேகரிப்பாளர் சங்கம். 1948-இல் தொடங்கிய மானுஸ்கிரிப்ட் சொசைட்டி, 1965-இல் தொடங்கிய யு.ஏ.சி.சி. எனப்படும் யுனிவர்சல் ஆட்டோகிராஃப் கலெக்டர்ஸ் கிளப் ஆகியவை இதில் சேரும். ஆர்வம் உள்ள யாரும் சந்தா கட்டிச் சேரலாம். இரண்டாவது வகை வியாபாரிகள் சங்கம். அமெரிக்காவில் 1995-இல் உருவான பாடா, பிரிட்டனின் ஆஃப்டல் போன்றவை இந்த வகை. இவற்றில் விற்பனையாளர்களே உறுப்பினர்கள். அவர்கள் சங்கத்தின் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது.

விற்பவர் சங்க உறுப்பினர் என்றால் நம்பலாமா?

எந்த வகை உறுப்பினர் என்று கேளுங்கள். சேகரிப்பாளர் சங்கத்தில் சாதாரண உறுப்பினர் என்றால், சந்தா கட்டியிருக்கிறார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மோசடிக்காரரும் சந்தா கட்டலாம். யு.ஏ.சி.சி.யில் 'பதிவுபெற்ற டீலர்' என்று தனிப் பிரிவு உண்டு. அதில் இருப்பவர்கள் சங்கத்தின் நெறிமுறையை ஏற்றுக் கையெழுத்து விற்பவர்கள். சாதாரண உறுப்பினர் எண்ணையே டீலர் பதிவு எண்போலக் காட்டி விற்க முடியும் என்பதால், சங்கம் வெளியிடும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கையெழுத்து அசல்தானா என்று சங்கமே பார்த்துச் சொல்லாதா?

வியாபாரி விற்கும் ஒவ்வொரு பொருளையும் சங்கம் பார்ப்பதில்லை. அந்த வேலைக்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. 1998-இல் வந்த பி.எஸ்.ஏ./டி.என்.ஏ., அதன் பிறகு வந்த ஜே.எஸ்.ஏ. முதலியவை கட்டணம் வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்கின்றன. கருத்து என்பதால் அது தவறவும் கூடும்.

ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று 1983-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்டவற்றைக் கையெழுத்து நிபுணர்கள் ஆராய்ந்து அசல் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் 'ஹிட்லரின் கையெழுத்து' என்று கொடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே சில, நாட்குறிப்பை எழுதிய அதே போலிக்காரர் கொன்ராட் குயாவ் எழுதியவை. போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும்? பிறகு தாளைச் சோதித்தபோது, போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருந்தது. குட்டு வெளிப்பட்டது. ஒப்பிடும் மாதிரி எங்கிருந்து வந்தது என்பதும் அதனால் முக்கியம்.

சான்றிதழோடு வந்தால் கவலை இல்லையே?

சான்றிதழை அச்சடிக்கக் கணினியும் பிரிண்டரும் போதும். புல்பென் கும்பலின் போலிகளும் சான்றிதழோடுதான் விற்றன. மோசடி எண்ணமே இல்லாத இடத்திலும் சான்றிதழ் பொய்க்கலாம். 2022-இல் பாப் டிலனின் புத்தகத்தை 'அவரே கையெழுத்திட்ட பிரதி' என்று சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் 599 டாலருக்கு விற்றது. மொத்தம் 900 பிரதிகள். கூடவே உறுதிக் கடிதமும் இருந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வெவ்வேறு பிரதிகளில் கையெழுத்துகள் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன. மனிதர் யாரும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்திடுவதில்லை. அது ஆட்டோபென் என்ற இயந்திரத்தின் வேலை. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. டிலனும் வருத்தம் தெரிவித்தார்.

ஏமாந்துவிட்டால் சங்கம் பணத்தை வாங்கித் தருமா?

சங்கம் நீதிமன்றம் அல்ல. புகாரை விசாரிக்கலாம், வியாபாரியைக் கண்டிக்கலாம், கடைசியில் நீக்கலாம். சங்கத்தில் இல்லாதவர்மீது அந்த அதிகாரமும் செல்லாது. நீக்கப்பட்டவர் மறுநாளே வேறு பெயரில் கடை போட்டாலும் சங்கத்தால் தடுக்க முடியாது. ஆனால் பாடா போன்ற வியாபாரிகள் சங்கத்தில், விற்ற பொருள் அசல்தான் என்று உறுப்பினர் காலவரம்பு இல்லாமல் உத்தரவாதம் தர வேண்டும் என்பது விதி. பத்தாண்டு கழித்து போலி என்று தெரிந்தாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் இதன் பலன். சங்க முத்திரையால் வாங்குபவருக்குக் கிடைக்கும் உருப்படியான பாதுகாப்பு இந்த ஒன்றுதான்.

அரசு இதில் தலையிடுவதில்லையா?

கலிபோர்னியா மாநிலத்தில் கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருள்களுக்கு டீலர் சான்றிதழ் தர வேண்டும் என்ற சட்டம் 1990-களிலேயே வந்தது. 2017 தொடக்கத்தில் அதை எல்லாவகைக் கையெழுத்துப் பொருள்களுக்கும் விரித்தார்கள். எழுத்தாளர்களை அழைத்துக் கையெழுத்து நிகழ்ச்சி நடத்தும் புத்தகக் கடைகள் எதிர்த்ததால், அதே ஆண்டு திருத்தம் செய்து புத்தகங்களுக்கு விலக்கு அளித்தார்கள். மேஜர் லீக் பேஸ்பால் அமைப்போ வேறு வழியைப் பிடித்தது. வீரர் கையெழுத்திடும்போதே ஒரு சாட்சி அருகில் நின்று பார்த்து, எண்ணிட்ட ஹோலோகிராம் ஸ்டிக்கரை ஒட்டும் முறையை 2001-இல் கொண்டுவந்தது. புதிய கையெழுத்துகளுக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. மறைந்தவர்களின் கையெழுத்துக்கு மட்டும் இது உதவாது.

பிறகு சேகரிப்பாளர் சங்கத்தால் என்னதான் பயன்?

கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் பெயரில் போன கடிதங்கள் பலவற்றில் கையெழுத்திட்டவர்கள் அவருடைய செயலர்கள். சிலவற்றில் இயந்திரம். எது யாருடையது என்று பிரித்தறியும் ஆய்வுகள் சேகரிப்பாளர்களின் வட்டத்தில்தான் வளர்ந்தன. யு.ஏ.சி.சி.யின் 'பென் அண்ட் குவில்' போன்ற இதழ்கள் அத்தகைய விவரங்களைப் பரப்பின. பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து அதில் கையெழுத்துப் போட்டால் தாள் பழையதாகவே இருக்கும், மை மட்டும்தான் புதிது என்பது போன்ற சூட்சுமங்கள் அனுபவசாலிகளுடன் பழகினால் பிடிபடும்.

வாங்குமுன் என்ன கேட்க வேண்டும்?

இந்தக் கையெழுத்து எங்கே, யாரிடமிருந்து வந்தது? எந்த மாதிரியோடு ஒப்பிட்டீர்கள்? போலி என்று தெரிந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவீர்களா, எவ்வளவு காலத்துக்கு? போலி என்று யார் சொன்னால் ஏற்பீர்கள்? பதிலை எழுத்தில், ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குபவர் எத்தனை சங்கங்களின் முத்திரையைக் காட்டினாலும் அவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.