வியாழக்கிழமை ஏன் ஊத்தப்பம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தை அடுத்த சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் நடந்துபோனால் வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடுவது கேட்கும். அடுத்த ஐந்து நாள் ராத்திரிச் சாப்பாடு அந்தக் கல்லுக்கடியில் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய மின்ரயில், இன்றும் இருட்டிய பிறகுதான் பலரை வீட்டில் சேர்க்கிறது. எட்டு மணிக்குச் செருப்பைக் கழற்றினால் எட்டரைக்குத் தட்டு போட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: திங்கள், செவ்வாய் இட்லி. புதன் தோசை. வியாழன் வெங்காய ஊத்தப்பம். வெள்ளிக்கிழமை அடிமாவு மிஞ்சினால் குழிப்பணியாரம். யாரும் உட்கார்ந்து போட்ட அட்டவணை இல்லை. மாவிலிருக்கும் பாக்டீரியா போட்டுக் கொடுத்தது.

மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் காரணம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரொட்டிக்கு அது சரி. இட்லி மாவை அமெரிக்காவில் ஆராய்ந்து 1965-இல் வெளியான ஓர் ஆய்வு, மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டியது. அது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. புளிப்பும் பொங்குதலும் ஒரே கையின் வேலை. அந்தக் கிருமி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அரிசியிலும் உளுந்திலுமே ஒட்டிக்கொண்டு வருகிறது. 'அவள் கைபட்டால் மாவு பொங்கும்' என்று மருமகளுக்குக் கிடைக்கிற பாராட்டில் பாதியை உளுந்துக்குக் கொடுத்துவிடலாம்.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க வேண்டும். கோதுமைக்குக் குளூட்டன் உண்டு, அரிசிக்குக் கிடையாது. அந்த வேலையை உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பான மாவுச்சத்தல்லாத சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்து பார்க்கின்றன. உளுந்தைத் தனியாக, பஞ்சுபோல நுரைத்து வரும்வரை ஆட்டச் சொல்வது இதனால்தான். 1955-இல் கோயம்புத்தூர் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கியிருக்காவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுகிற வழக்கமே வந்திருக்காது. ஐந்து நாள் மாவை ஆட்டுக்கல்லில் யார் ஆட்டுவது?

சென்னைக் கோடையில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் மாவு பாத்திரத்தை விட்டு மேடைக்கு வந்துவிடும். கத்திரி வெயில் நாட்களில் ஆறு ஏழு மணி நேரம் தாராளம். மார்கழியில் காலைவரை விட்டாலும் சில நாள் அசையாது. பொங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. அங்கே கிருமிகள் சாவதில்லை, மெதுவாகின்றன. அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கரண்டி போடும் ஒவ்வொரு முறையும் குமிழிகள் உடைந்து வாயு தப்பிக்கிறது. புதன்கிழமை அதே மாவை இட்லித் தட்டில் ஊற்றினால் கல்லாக வரும். தோசைக்கு அந்தக் கவலையில்லை. மெல்லிசாகப் பரவுகிற மாவுக்கு உயரம் எதற்கு? ஆவியில் நூறு டிகிரியைத் தாண்டாத மாவு வெள்ளையாகவே இருக்கும். தோசைக்கல்லின் சூடு அதைவிட வெகுவாக மேலே போவதால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. வியாழனன்று புளிப்பு தூக்கலாகிவிடும். வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு அதைச் சமன்செய்யும். வெள்ளிக்கிழமைப் பணியாரத்தில் தேங்காய்ப் பல்லும் தாளிப்பும் அதையே செய்கின்றன.

இந்தப் புளிப்பு மாவுக்குக் காவலும்கூட. அமிலம் ஏறிய இடத்தில் கெடுக்கும் கிருமிகள் பல தலையெடுக்க முடியாது. காலை ஆறு மணிக்கு வடித்து, பூட்டிய வீட்டில் மேடைமேல் விட்டுப்போன சோற்றுக்கு இந்தக் காவல் இல்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, வெதுவெதுப்பான சோற்றில் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சை பிழிந்து தாளித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன்தான் நானும். ராத்திரி எலுமிச்சைச் சாதம் வேண்டுமென்றால், வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும்.

அரைக்க நேரமில்லாதவர்கள் ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் மாவு பாக்கெட் வாங்குகிறார்கள். தேதியைப் பார்ப்பதோடு பாக்கெட்டையும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். தட்டையாக இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமை மாவு. ராத்திரி வெளியே வைத்தால் காலையில் இட்லிக்கு ஆகும். பலூன்போல உப்பியிருந்தால், துர்நாற்றமோ நிறமாற்றமோ இல்லாதவரை, கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அது கடையிலேயே புதன்கிழமை ஆகிவிட்ட மாவு. தோசைக்கல்லைக் காயவையுங்கள்.